அடுத்த கல் தெரியும்வரை

வத்சலா அக்கா, நீங்கள் கேட்டபடி எழுதுகிறேன். "நடந்ததெல்லாத்தையும் தமிழிலை எழுதித் தாரும் தர்மினி, கூட்டத்திலை நான் டொச்சிலை சொல்லுறன்" என்றீர்கள். சரி. ஆனால் ஒரு நிபந்தனை. நான் எழுதுவதை நீங்கள் மெதுவாக்கக்கூடாது. போன தடவை பிள்ளைகள் நல அலுவலகத்து ஐயா கேட்ட கேள்விக்கு நான் "இல்லை" என்றேன். நீங்கள் அவரிடம் "யோசித்துச் சொல்லுகிறாவாம்" என்றீர்கள். அவர்களுடைய டொச் மொழி எனக்கும் அவ்வளவு விளங்கும், அக்கா. இல்லை என்றால் இல்லை.

அலுவலகம் அனுப்பின கடிதத்தை இன்றைக்கு ஐந்தாவது தடவையாக வாசித்தேன். ஒரே தாள். மேலே ஒரு குற்றம், கீழே ஒரு குற்றம். மேலே இருப்பது: ஜூன் மாதம் பாலர் பள்ளிப் பிள்ளைகளோடு மலைக்குப் போனபோது இந்தத் தாய் காரணமில்லாமல் பயந்து, பதினாலு பிள்ளைகளையும் பயப்படுத்தினார். கீழே இருப்பது: செப்ரெம்பரில் இதே தாய் பயம் என்பதே இல்லாமல் தன் ஐந்து வயது மகளை மலைக்குக் கூட்டிப்போய்ப் பனிப்புகாருக்குள் அகப்பட்டார். இரண்டுக்கும் கீழே ஒரே கையெழுத்து. அப்போ நான் யார்? பயந்தவளா, பயமில்லாதவளா? முதலில் அவர்கள் தங்களுக்குள் கதைத்து அதை முடிவுசெய்துகொண்டு வரட்டும்.

நாளைக்குக் காலை ஒன்பது மணிக்கு என்னிடம் என்ன கேட்கப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு தாளில் நான் கையெழுத்து வைக்கவேண்டும். மஞ்சள் குறி போட்ட பாதைக்கு அப்பால் ஆரணியை இனிமேல் கூட்டிப்போக மாட்டேன் என்று. வைக்காவிட்டால், அவள் ஒரு வருடத்துக்குக் கிழமை நாட்களில் என் மச்சாள் வீட்டில் இருந்து படிக்கலாம் என்று ஒரு யோசனை. மச்சாள் என்றால் இவருடைய அக்கா, பத்மலோஜினி. ரெயினில் இரண்டு மணித்தியாலம் போகவேண்டிய பட்டணத்தில் இருக்கிறா. மூன்றும் ஆம்பிளைப் பிள்ளைகள். ஆரணிக்கென்று ஓர் அறையை ஒதுக்கி ஏற்கனவே ரோசா நிறம் அடித்துவிட்டா. யோசனை யாருடையது என்று நான் சொல்லத் தேவையில்லை. அலுவலகம் அதை நல்ல தாளில் அடித்துத் தந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஜூன் மாதத்தைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் பள்ளத்தாக்கின் அடியில். இங்கிருந்து மஞ்சள் பஸ் இருபத்தைந்து நிமிடத்தில் மேலே ஆல்ப் வரைக்கும் போகும். கோடையில் மாடுகளைக் கொண்டுபோய் விடுகிற மலைவெளியைத்தான் இங்கே ஆல்ப் என்கிறார்கள். அங்கிருந்து மேலே ஒரு குளம். பலகையில் ஒன்றரை மணித்தியாலம் என்று எழுதியிருக்கும். இந்த நாட்டில் நடைபாதைப் பலகையில் கிலோமீற்றர் எழுதமாட்டார்கள், நேரம்தான் எழுதுவார்கள். யாருடைய காலுக்கு அந்த நேரம் என்று எழுதமாட்டார்கள்.

ஆரணியின் ரீச்சர் ஃபிராவ் ஏபி முன்னுக்கு. பிள்ளைகள் கழுத்தில் செம்மஞ்சள் முக்கோணப் பட்டியோடு நடுவில். நான் கடைசி. தாய்மார் விரும்பினால் வரலாம் என்று எழுதியிருந்தது, நான் ஒருத்திதான் விரும்பினேன். மாட்டுக்காரருடைய குடில் வரைக்கும் மஞ்சள் குறிதான். மரத்தில் மஞ்சள், வேலித் தடியில் மஞ்சள். குடிலைத் தாண்டினால் குறி மாறும். அதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அதையும் கூட்டத்தில் சொல்லுங்கோ. ஒருவரும் சொல்லவில்லை.

ஒரு பெரிய கல். வெள்ளை, நடுவில் சிவப்பு, திரும்ப வெள்ளை. கையால் அடித்த பெயின்ற். ஆரணி வரிசையை விட்டு முன்னுக்கு ஓடி, அந்தக் கல்லில் ஏறி அங்கால பக்கம் குதிக்கப் போனாள்.

நீங்கள் எண்பத்தாறாம் ஆண்டே இங்கே வந்துவிட்டீர்கள், அக்கா. நீங்கள் கண்டிருக்கமாட்டீர்கள். சண்டை முடிந்து அம்மாவும் அப்பாவும் முகாமிலிருந்து பளைக்குக் கிட்ட எங்கள் காணிக்குத் திரும்பின வருடம், நான் கொன்வென்ற் விடுதியிலிருந்து விடுமுறைக்குப் போனேன். பதினெட்டு வயது. காணியைச் சுற்றிக் கல் வைத்திருந்தார்கள். வெள்ளை அடித்த கல் என்றால் மிதிவெடி எடுத்து முடிந்த நிலம். சிவப்பு அடித்த கல் என்றால் இன்னும் எடுக்கவில்லை, காலை வைக்காதே. ஊரில் எல்லாரையும் மரத்துக்குக் கீழே இருத்தி ஒரு பாடம் எடுத்தார்கள். தவறி உள்ளே போனால் என்ன செய்யவேண்டும். நில். கத்து. வந்த காலடியிலேயே திரும்பு. மூன்றே மூன்று விஷயம். கொன்வென்றில் பத்து வருடம் படித்த எல்லாம் மறந்தாலும் இது மறக்காது.

சிவப்பும் வெள்ளையும் ஒரே கல்லில் இருந்தால் என்ன அர்த்தம்? அதை அங்கே ஒருவரும் படிப்பிக்கவில்லை. யோசிக்க நேரமும் இல்லை. என் பிள்ளையின் ஒரு கால் காற்றில் இருந்தது.

"ஹால்ற்!" என்று கத்தினேன்.

என்னுடைய குரல் இல்லை அது. எங்கள் கொன்வென்றில் சிஸ்டர் பிலோமினா என்று ஒருவர் இருந்தார். ஒலிபெருக்கி இல்லாமல் அறுநூறு பெட்டைகளை ஒரு சொல்லில் நிறுத்துவார். அந்தக் குரல் எனக்குள் இருக்கிறது என்று அன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. பதினாலு பிள்ளைகளும் நின்றன. ஒரு பெடியன் ஒற்றைக் காலில் நின்றான். ஃபிராவ் ஏபியும் நின்றா. காலடித் தடத்துக்கு டொச்சில் என்ன சொல் என்று தெரியவில்லை. "ஃபூஸ், ஃபூஸ், சுருக்" என்றேன். கால், கால், பின்னுக்கு. காட்டியும் கொடுத்தேன். ஒவ்வொரு பிள்ளையும் பின்பக்கமாக, வந்த அடியிலேயே அடி வைத்து, குடிலில் இருந்த மஞ்சள் குறி வரைக்கும் வந்தது. இருநூறு மீற்றருக்கு நாற்பது நிமிடம். ஃபிராவ் ஏபியும் அப்படித்தான் வந்தா. அதைக் கடிதத்தில் காணவில்லை.

ஒருவரும் விழவில்லை, ஒருவருக்கும் கீறல் இல்லை. பதினாலு பிள்ளைகளைக் கூட்டிப்போனோம், பதினாலையும் கொண்டுவந்து சேர்த்தேன். ஒரு பிள்ளை காற்சட்டையோடு ஒன்றுக்கிருந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார்கள். அதற்கு நான் பொறுப்பில்லை. அந்தப் பிள்ளை பஸ்ஸிலேயே இரண்டு போத்தல் அப்பிள் சாறு குடித்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நாங்கள் எல்லாரும் மஞ்சள் குறிக்குப் பக்கத்தில் நிற்கும்போது, வயதுபோன ஒரு புருசனும் பெண்சாதியும் கைத்தடியோடு வந்தார்கள். எங்களுக்கு வணக்கம் சொன்னார்கள். நேரே நடந்துபோய், அந்தக் கல்லில் கால் வைத்து ஏறி, அங்கால இறங்கிப் போனார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

பிள்ளைகள் எல்லாம் என்னைப் பார்த்தன. ஆரணியும் பார்த்தாள்.

"அம்மா, அவை மட்டும் ஏன் போகினம்?"

நான் அவளுடைய சப்பாத்துக் கயிற்றைக் கட்டினேன். அது அவிழ்ந்திருக்கவில்லை.

அன்று பின்னேரமே மச்சாளின் அழைப்பு வந்துவிட்டது. இவர்தான் சொல்லியிருக்கிறார். இவர் நல்ல மனிதர், அக்கா, ஹொட்டேல் குசினியில் பத்து மணித்தியாலம் நிற்கிறார், ஒரு சொல் கடிந்து பேசமாட்டார். ஆனால் தன் தமக்கை கதைத்தால் இவருக்குக் காது மட்டும்தான் இருக்கும், வாய் இருக்காது.

"உனக்கு விசரடி. நீ பிள்ளைக்கும் விசர் பிடிக்க வைக்கப்போறாய். அவளை என்னட்டை விடு, நாலு பேரோடை வளரட்டும்."

"நாலு பேர் எண்டால் ஆர் மச்சாள்? உங்கடை மூண்டு பெடியளும் ஆளுக்கொரு போனுக்குள்ளை இருக்கிறாங்கள். நாலாவது நீங்களோ?"

போன் நின்றுவிட்டது. நான் வைக்கவில்லை. அவதான் வைத்தா.

இனி உங்களுக்கு ஒரு வார்த்தை. போன கிழமை நீங்கள் எனக்குச் சொன்னீர்கள்: "சண்டைக் கதையைச் சொல்லும், அழுகை வந்தால் அழும், பாவம் பார்த்து விட்டிடுவினம்." நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். ஆனால் கேளுங்கோ. எங்கள் பக்கத்துக் காணியில் சங்கவி என்று என் வயதுப் பெட்டை. சிவப்புக் கல்லுக்கு அங்கால விழுந்துகிடந்த பனம்பழத்தை எடுக்க இரண்டு எட்டு வைத்தாள். முதலாவது எட்டில் அவளுக்கு இரண்டு கால் இருந்தது. நான் வெள்ளைக் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று, "எடடி, கிட்டத்தானே" என்று சொன்னேன். இந்த இடத்தை மொழிபெயர்க்கவேண்டாம். சங்கவியின் காலைக் காட்டி என் பிள்ளையை நான் வாங்கமாட்டேன்.

ஜூன் முடிய நான் ஒரு முடிவெடுத்தேன். பிள்ளை வளரப்போவது இந்த மலையடியில். குசினி யன்னலைத் திறந்தால் மலை. வருடம் ஒருதரம் பாலர் பள்ளி போகும், பிறகு பெரிய பள்ளிக்கூடம் போகும், எல்லாம் அந்தக் கல்லைத் தாண்டித்தான். ஆக நான் அந்தக் கல்லைப் படிக்கவேண்டும். ஃபிராவ் ஏபி ஒரு சின்னப் புத்தகம் தந்திருந்தா, அவவைக் குறைசொல்ல மாட்டேன். மஞ்சள் என்றால் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு யாரும் நடக்கலாம். வெள்ளை சிவப்பு வெள்ளை என்றால் மலைப்பாதை, கால் உறுதியாக இருக்கவேண்டும், தலை சுற்றக்கூடாது. வெள்ளை நீலம் வெள்ளை என்றால் கயிறும் பனிக்கட்டியும், அது எனக்கு வேண்டாம். ஒரு மணித்தியாலத்தில் பாடமாக்கிவிட்டேன். ஆனால் பாடமாக்கினது தலை. காலுக்கு ஒன்றும் தெரியாது.

அதனால் காலைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆரணியைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு எட்டரை பஸ். இவருக்குச் சொல்லவில்லை. தையல் பழகப் போகிறேன் என்றேன். பொய்தான்.

முதல் நாள் அந்தக் கல்லைத் தடியால் தொட்டுவிட்டுத் திரும்பினேன். இரண்டாம் நாள் கையால். மூன்றாம் நாள் அதில் ஏறி இருந்தேன், ஒரு அப்பிள் சாப்பிட்டேன். நாலாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு தேவாரம், ஒரு அருள்நிறை மரியே, இரண்டையும் சொல்லிக்கொண்டு அங்கால கால் வைத்தேன். நாங்கள் சைவம். ஆனால் அந்த நேரத்தில் ஒருவரையும் விட்டுவைக்க மனம் வரவில்லை.

கண்ணைத் திறந்தால் புல். சாதாரணப் புல். சின்ன நீலப் பூ, நிலத்தோடு ஒட்டி.

அக்கா, இத்தனை வருடம் இங்கே இருக்கிறீர்கள், அங்கே ஏறிப் பார்த்திருக்கிறீர்களா? குடிலைத் தாண்டி இருபது நிமிடத்தில் ஒரு அருவி. மேலிருந்து ஒன்றாக வந்து, நடுவில் ஒரு பாறையில் பட்டு மூன்றாகப் பிரியும். சத்தம் முதலில் வரும், தண்ணீர் பிறகுதான் தெரியும். அதற்கு மேலே கற்குவியல். அதற்குள் முர்மெல் என்று ஒரு பிராணி. முயலைவிடப் பெரிசு, நல்ல கொழுப்பு, பின்னங்காலில் எழும்பி நின்று விசில் அடிக்கும். ஒன்று அடித்தால் எல்லாம் வளைக்குள் போய்விடும். அது ஊதுவது தன் குட்டிகளுக்காக. அதற்கு ஒருவரும் கடிதம் அனுப்பவில்லை. ஜூலை மாதத்திலும் ஒரு பள்ளத்தில் பழைய பனி கிடந்தது, ஊத்தை உப்புமாதிரி. பிறகு சிவப்புப் பூப் பற்றைகள். பிறகு குளம். பச்சையும் நீலமும் இல்லாத ஒரு நிறம், அதற்குள் யாரோ பால் ஊற்றினமாதிரி. மற்றக் கரையில் மலை நேரே தண்ணீருக்குள் இறங்கும். பள்ளிநாளில் எனக்கு அருவி வரைக்கும்தான் நேரம் காணும், பதினொன்றே முக்காலுக்குப் பிள்ளையை எடுக்கவேண்டும். இவருக்கு ஓய்வான திங்கட்கிழமைகளில்தான் குளம்.

இன்னொன்றையும் கண்டேன். கீழே கடையில் எனக்கு முன்னால் வரிசையில் நின்று ஒருநாளும் என் முகத்தைப் பார்க்காத பெண், அருவிக்கு மேலே கண்டால் வணக்கம் சொல்கிறா. எவ்வளவு உயரத்தில் அது தொடங்குகிறது என்று பார்த்தேன். குடிலுக்குக் கொஞ்சம் மேலே.

ஓகஸ்ட் மாதம் ஒரு திங்கட்கிழமை, அருவிக்கும் குளத்துக்கும் நடுவில், ஒரு மனுசி கல்லுக்கு முன்னால் முழந்தாளில் நின்றா. பக்கத்தில் இரண்டு ரின். ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. நான் இருபது அடி தள்ளி நின்றுவிட்டேன்.

"வாங்கோ, வாங்கோ, ஒண்டும் செய்யாது. அந்தக் கல்லிலை மட்டும் கையை வைக்காதேங்கோ, ஈரம்" என்றா, தன்னுடைய மொழியில்.

பெயர் ரெகுலா. நாற்பது நாற்பத்திரண்டு இருக்கும். மற்ற நாட்களில் எங்கள் மஞ்சள் பஸ்ஸை ஓட்டுகிறவதான், தொப்பி இல்லாமல் எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஓய்வுநாளில் இந்தப் பாதையைப் பார்ப்பது அவவுடைய பொறுப்பாம். மழையிலும் பனியிலும் பெயின்ற் போய்விடும், திரும்ப அடிக்கவேண்டும்.

"ஏன் சிவப்பு?" என்று கேட்டேன். இரண்டு மாதமாக ஒருவரிடமும் கேட்காத கேள்வி.

"தூரத்திலையும் தெரியத்தான். இதிலை நிண்டு பாருங்கோ. அடுத்த கல் தெரியுதோ?"

தெரிந்தது.

"தெரியவேணும். தெரியாட்டில் நான் நடுவிலை இன்னொண்டு அடிக்கவேணும். பனிப்புகார் வந்து அடுத்தது தெரியாமல் போச்சுதெண்டால், நிக்கிற கல்லை விட்டு அசையக்கூடாது. அவ்வளவுதான் சட்டம்."

பிறகு, "உங்கடை நாட்டிலையும் கல்லுக்குப் பெயின்ற் அடிக்கிறவையோ?" என்றா.

"ஓம்," என்றேன். "நல்லா அடிப்பினம்."

தூரிகையை என்னிடம் தந்தா. அடுத்த கல்லை நான் அடித்தேன். வெள்ளையை அடித்துக் காயவிட்டு, அவவுடைய தேத்தண்ணியில் பாதியைக் குடித்து, பிறகு நடுவில் சிவப்பு. "கோடு அச்சடிச்சமாதிரி இருக்கு" என்றா. கொன்வென்றில் பத்து வருடம் கொப்பிக்கு மார்ஜின் போட்ட கை, வேறு எப்படி இருக்கும்? சிவப்புப் பெயின்ற் நகக்கண்ணில் ஒரு கிழமை இருந்தது. இவர் கேட்கவில்லை. தையல் வகுப்பில் என்ன சிவப்பு என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இனிச் செப்ரெம்பர்.

சனிக்கிழமை, இவருக்கு வேலை. காலை வானம் துடைத்தமாதிரி. ஆரணியைக் கூட்டிக்கொண்டு போனேன். கவனமில்லாமல் போனேன் என்று எழுதியிருக்கிறார்கள். பையில் இருந்ததைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளட்டும்: ரொட்டி எட்டு, தண்ணீர் இரண்டு போத்தல், மழை உடுப்பு இரண்டு, கம்பளித் தொப்பி இரண்டு, மேலதிகச் சொக்ஸ் மூன்று சோடி, மருந்துப்பெட்டி, விசில், ரோர்ச், வரைபடம், திருநீறு. என்னுடைய சால்வையின் ஒரு முனையை என் இடுப்பில் கட்டி, மற்ற முனையை அவளுடைய இடுப்பில் கட்டியிருந்தேன். இதற்குமேல் கவனம் என்றால் என்ன என்று எனக்கு யாராவது சொல்லட்டும்.

முதற் கல்லில் நான் நின்றேன். அவள் ஏறிக் குதித்தாள். சால்வை இழுத்தது, நானும் போனேன்.

குளத்தைக் கண்டதும், "ஐஸ்கிரீம் விக்கிறேல்லையா?" என்று கேட்டாள். பிறகு தண்ணீருக்குள் கல் எறிந்தாள், கை வலிக்கும்வரை. பிறகு மற்றக் கரை மலையைப் பார்த்து "ஹால்ற்!" என்று கத்தினாள். மலை திரும்பக் கத்தியது. விழுந்து விழுந்து சிரித்தாள். திரும்பத் திரும்பக் கத்தினாள். சிஸ்டர் பிலோமினாவின் அதே குரல். விளையாட்டுத்தான், அவள் என்னைப் பகிடிபண்ணவில்லை.

திரும்பி வரும்போது இரண்டு மணிக்குப் பனிப்புகார் வந்தது. வருவது தெரியாது, அக்கா. மலை இருந்தது, பிறகு இல்லை. நாங்கள் நின்ற இடம் நான் பெயின்ற் அடித்த கல். அடுத்த கல் தெரியவில்லை. கல்லிலேயே இருந்துவிட்டேன். பிள்ளைக்கு எல்லா உடுப்பையும் போட்டு என் காலுக்கு நடுவில் நிலத்தில் இருத்திக்கொண்டேன். போனுக்குச் சிக்னல் இல்லை. விசிலை நிமிடத்துக்கு ஆறுதரம் ஊதினேன், புத்தகத்தில் சொன்னபடி.

"அம்மா, அங்கை சிவப்புத் தெரியுது."

"எங்கை?"

"அங்கை."

பார்த்தேன். எல்லாம் வெள்ளை.

"இல்லைப் பிள்ளை. இரு."

"தெரியுதம்மா. அந்தா."

"இரு எண்டால் இரு."

பத்துத்தரம் சொல்லியிருப்பாள். பிறகு சொல்லவில்லை. மூன்றரை மணித்தியாலம் இருந்தோம்.

மூன்றரைக்கு வீட்டுக்கு வந்த இவர் எங்களைக் காணாமல் யாருக்குப் போன் எடுத்தார் தெரியுமா? மலையில் மீட்கிறவர்களுக்கு இல்லை. தமக்கைக்கு. தமக்கைதான் இரண்டு மணித்தியாலத் தூரத்தில் இருந்துகொண்டு பொலிசுக்கு அடித்து, மண்டை பிழைத்த பெண் ஒன்று பிள்ளையோடு மலையில் திரிகிறது என்றிருக்கிறா. ஐந்தரைக்கு மூன்று பேரும் ஒரு நாயும் வந்தார்கள், ரெகுலாதான் வழி காட்டிக்கொண்டு. அன்று காலை பஸ்ஸில் எங்களை ஏற்றிப்போனதும் அவதான். ஆரணி ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மிச்சத்தை நாய் சாப்பிட்டது. அந்த மூன்று பேரில் மூத்தவர் என்னிடம், "சரியாய்ச் செய்தீங்கள். அசைஞ்சிருந்தால் இடப்பக்கம் பள்ளம்" என்றார். இது கடிதத்தில் இல்லை. இதை மொழிபெயருங்கோ. இரண்டுதரம் மொழிபெயருங்கோ.

அடுத்தநாள் ஞாயிறு மச்சாள் நேரேயே வந்துவிட்டா. சப்பாத்துக் கழற்றமுதல் தொடங்கினா.

"பிள்ளையைக் கொல்லப் பாத்தியோடி?"

"மச்சாள், உங்கடை வீட்டு வாசலிலை ட்ராம் ஓடுது. அதுக்கு முன்னாலை ஆர் குறி போட்டு வைச்சிருக்கினம்?"

"வாயைப் பார்."

"ஓம், வாய்தான். ஜூனிலை வாய் திறந்து கத்தினது பிழை. இப்ப வாய் திறக்காமல் ஒரு இடத்திலை இருந்ததும் பிழை. நான் எப்பிடித்தான் தாயாய் இருக்கிறது எண்டு நீங்களே எழுதித் தாங்கோ, குளிரூட்டிக் கதவிலை ஒட்டி வைக்கிறன்."

இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் ஆரணி வந்து மச்சாளின் மடியில் ஏறினாள்.

"மாமி, எனக்கு அடுத்த கல்லுத் தெரிஞ்சது. அம்மாவுக்குத்தான் தெரியேல்லை."

மச்சாள் அதைக் கேட்டுவைத்துக்கொண்டா. மறக்கவில்லை. கடிதத்தின் கடைசி வரியைப் பாருங்கோ: பிள்ளை வழியைக் கண்டும் தாய் நம்பவில்லை.

மற்ற இரண்டு குற்றத்துக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. இதற்கு இல்லை. ரெகுலாவிடம் கேட்டேன். சிலநேரம் புகார் நிலத்தை விட்டு ஒரு முழம் எழும்பி நிற்குமாம், குனிந்தால் தெரியுமாம். பிள்ளையின் கண் அந்த உயரத்தில்தான் இருந்தது. அவளுக்குத் தெரிந்திருக்கலாம். அவள் சொன்னதைக் கேட்டுக் குனிந்திருந்தால் நாங்கள் மூன்றேகால் பஸ்ஸைப் பிடித்திருப்போம், கூட்டமும் இல்லை, கடிதமும் இல்லை. நான் குனியவில்லை. "எனக்குத் தெரியாத இடத்துக்கு என் பிள்ளையை விடமாட்டேன்" என்று அன்றைக்கு நினைத்தேன். அந்த வசனத்தை இங்கே இரண்டுதரம் எழுதி இரண்டுதரம் வெட்டினேன். மூன்றாந்தரம் எழுதியிருக்கிறேன். வெட்டுவதா விடுவதா என்று நீங்களே பாருங்கோ.

கூட்டத்துக்கு வந்து சொல்கிறேன் என்று ரெகுலா சொன்னா. வேண்டாம் என்றேன். என் கல்லில் நானே நிற்பேன்.

நாளைக்கு நான் சொல்லப்போவது இதுதான். எழுத்துப் பிசகாமல் சொல்லுங்கோ. நான் கையெழுத்து வைக்கமாட்டேன். ஆரணி எந்த ரோசா அறைக்கும் போகமாட்டாள். மச்சாளுக்குப் பிள்ளையில் ஆசை என்றால் சனிக்கிழமைகளில் வரட்டும், நல்ல சப்பாத்தாகப் போட்டுக்கொண்டு. இவர் அந்தத் தாளில் ஏற்கனவே கையெழுத்து வைத்துவிட்டார். நேற்று இரவு காட்டினார். இரண்டாவது கையெழுத்துக்கு இடம் வெறுமையாக இருக்கிறது, அது வெறுமையாகவே இருக்கும். என்ன செய்யலாமோ செய்யட்டும், நான் மேல் அலுவலகத்துக்குப் போவேன், அதற்கும் மேலே போவேன். மேலே போகப் பழகிவிட்டேன்.

நாளைக்குப் பள்ளி விடுமுறை என்றபடியால் ஆரணியும் என்னோடு வருவாள். நாங்கள் இருவரும் மலைச் சப்பாத்தோடுதான் வருவோம், கம்பளத்தில் மண் படும் என்று யாரும் முகம் சுழிக்கவேண்டாம். அலுவலகத்து வாசலிலிருந்து மேலே போகிற பஸ் ஒன்பது ஐம்பதுக்கு. ரெகுலாதான் ஓட்டுகிறா. கூட்டம் ஒன்பதே முக்காலைத் தாண்டினால் நாங்கள் எழும்பிவிடுவோம். இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கோ, பிறகு மரியாதைக் குறைவு என்று சொல்லக்கூடாது. வானிலை பார்த்தேன், நாள் முழுக்க வெயில். மூன்று இடத்தில் பார்த்தேன்.

நாளைக்குச் சால்வை கட்டமாட்டேன். பையில் இருக்கும். குடிலைத் தாண்டினால் அவள் முன்னுக்கு, நான் பின்னுக்கு. அவள் கல்லைக் கண்டுபிடித்துச் சொல்லட்டும், நான் நடக்கிறேன். பத்து அடி விடுவேன். சரி, ஐந்து அடி.

ஒரேயொரு விஷயம், அக்கா, இது கூட்டத்துக்கு இல்லை. போன தடவை நீங்கள் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தீர்கள். கதைக்கும்போது உங்கள் முகம் எனக்குத் தெரியவில்லை. நாளைக்கு எனக்கு நேர் முன்னால் இருங்கோ. நான் பார்த்தால் தெரிகிற இடத்தில்.